மீதி

முடோனில் மழை பெய்வதில்லை,
கவிழ்கிறது.
தகரக் கூரைக்குக் கீழே என் மூன்றாம் வகுப்பு:
ஐம்பத்திரண்டு பேர், பச்சை லுங்கி,
கன்னத்தில் காய்ந்த தனக்கா.
நான் ஒரு வரி சொன்னால்
ஐம்பத்திரண்டு வரி திரும்பி வரும்.

பயிற்சிக் கல்லூரி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
'குழந்தை தானே கண்டடைய வேண்டும்.'
அந்த வாக்கியத்தையும்
கூட்டாகச் சொல்லவைத்துத்தான்
எங்களுக்கு மனப்பாடம் ஆக்கினார்கள்.

கூட்டுக்குரலைப் பழிக்க எனக்கு வாய் வராது.
மீன்கடையில் சில்லறை எண்ணும்போது
பர்மிய வாய்பாட்டின் மெட்டுதான்
இன்றைக்கும் எனக்குக் கணக்குப் போடுகிறது.
ஆனால் ஏன் அப்படி என்று யாராவது கேட்டால்
மனசு சட்டென்று தமிழுக்குள் ஓடிவிடும்.
பதிவேட்டில் நான் மா சந்தா,
வீட்டில் அங்காளம்மை.
ஒப்பிப்பவள் சந்தா. யோசிப்பவள் மற்றவள்.

அப்படியென்றால்
மி ஹொங்சா எதில் யோசிக்கிறாள்?
வீட்டில் மோன் பேசுகிறவள்.
மூன்றாவது பெஞ்ச், சன்னலோரம்.
எல்லோரோடும் சேர்ந்து வாயசைப்பாள்.
ஒருநாள் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்,
வாய் மட்டும்தான், குரல் இல்லை.
இத்தனை சத்தத்துக்குள் ஒரு மௌனம்
எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை.
பதினேழை மூன்றால் வகுக்க வேண்டும்.
'ஐந்து, மீதி இரண்டு' என்று தொடங்குமுன்
வானம் கூரைமேல் இறங்கிவிட்டது.
கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.
பிரம்பால் மேசையைத் தட்டினேன், அதுவும்.
ஈரத்தில் ஊறிய சாக்குக்கட்டி
பலகையில் எழுத மறுத்தது.
செய்ய ஒன்றுமில்லாமல் நின்றேன்.
நிற்பது இத்தனை கஷ்டம் என்று
எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை.

மி ஹொங்சா பைக்குள் கைவிட்டு
ரப்பர் விதைகளை அள்ளிப் பெஞ்சில் போட்டாள்,
வழவழவென்று, பழுப்புப் புள்ளிகளோடு,
இடைவேளையில் சுண்டி விளையாடுகிறவை.
பதினேழு எண்ணினாள்.
தனக்கொன்று, நே லினுக்கொன்று, சூ வேக்கொன்று.
ஐந்து சுற்று.
இரண்டு நின்றது.

நே லின் அந்த இரண்டையும்
சட்டைப்பைக்குள் போடப் பார்த்தான்.
அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
உடைத்துப் பங்கு வைக்கலாமென்று
சூ வே செருப்பைக் கழற்றிக் காட்டினாள்.
ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை,
சண்டை முழுதும் தெரிந்தது.
முன்பெஞ்ச் திரும்பியது. பிறகு அதற்கும் முன்பெஞ்ச்.
எங்கிருந்துதான் வந்ததோ,
வகுப்பு முழுக்க விதை.

வாசலில் சொட்டும் குடையோடு
தலைமையாசிரியை தோ கின் மி.
மதிப்பீட்டுத் தாளில் எழுதினார்:
'வகுப்பில் ஒழுங்கு இல்லை.'
உண்மைதான்.
மழை விட்டதும்
பயத்தில் நான் மறுபடி பிரம்பை எடுத்தேன்.
'பதினேழில் மூன்று?'
'ஐந்து! மீதி இரண்டு!'
சன்னலோரம் வாய் மட்டும் அசைந்தது.

இன்று தேர்வுத்தாள் திருத்துகிறேன்.
எண்ணை மாற்றியிருந்தோம், பதினேழு அல்ல, இருபது.
முப்பது பேருக்கு மேல்
'ஐந்து, மீதி இரண்டு' என்றே எழுதியிருக்கிறார்கள்,
அழகான கையெழுத்தில்.

மி ஹொங்சா ஆறு என்று எழுதி
பக்கத்தில் இரண்டு விதை வரைந்திருக்கிறாள்.
புள்ளிகளைக்கூட விடவில்லை.
ஒன்றின் நடுவே விரிசல்போல் ஒரு கோடு,
இதையும் பங்கிடலாம் என்கிறாளா,
பென்சில் வழுக்கியதா?
'மீதி' என்ற சொல் இல்லாவிட்டால்
பாதி மதிப்பெண்
என்கிறது தோ கின் மி தந்த விடைக்குறிப்பு.

சிவப்புப் பேனாவை மூடி வைக்கிறேன், திறக்கிறேன்.
அவளைக் கேட்கலாம்.
எந்த மொழியில் என்றுதான் தெரியவில்லை.
வெளியே
மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது.